ஊர்ச் செடிக்கு ஓராண்டுக் குத்தகையா?

மாநகரங்களின் முதன்மைச் சாலைகளில், இருபுறமும் ஊர்திகள் ஓட, நடுவே மூன்றடி நான்கடி அகலத்தில் நீண்டு கிடக்கும் மண்திட்டுகளையும் அவற்றில் நடப்பெற்ற செடிகளையும் பேணும் பணியைத் தனியார்க்கு ஒப்பந்தத்தில் விடுவது இந்நாளில் எங்கணும் வழக்கமாகிவிட்டது. சென்னையும் இதற்கு விலக்கன்று. 1688ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்று, இந்திய மாநகராட்சிகளுள் மூத்தது என்னும் பெருமையைத் தாங்கி நிற்கும் ஓர் அமைப்பு, தன் சாலை நடுவே நிற்கும் அரளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுதற்கும் பிறரிடம் ஒப்பந்தப்புள்ளி கோரி நிற்கின்றது! இஃதொரு சிறு செய்தி என்று தள்ளிவிடுவோர் பலர். சிறிதுதான். ஆயினும் பெரிய பெரிய திட்டங்களில் பகட்டுச் சொற்களால் மூடி மறைக்கப்படும் உண்மை, இச்சிறு திட்டின்மேல் மறைவதற்கு இடமின்றி வெயிலில் காய்ந்து கிடக்கின்றது.

நடுத்திட்டுச் செடி அழகுக்காக மட்டும் நிற்பதன்று. எதிர்வரும் ஊர்தியின் விளக்கொளி இரவில் ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யாமல் தடுப்பதே அதன் முதற்பணி. புழுதியை வாங்கிக் கொள்வதும், வேனிலில் சாலைச் சூட்டை ஒருசிறிது தணிப்பதும், கண்டவிடமெல்லாம் மாந்தர் குறுக்கே பாயாதவாறு வேலியாய் நிற்பதும் அடுத்த பணிகள். இவற்றைச் செய்ய வேண்டுமெனின், செடி ஆளுயரம் அளவுக்கு வளர்ந்து இடைவெளியின்றி அடர்தல் வேண்டும். ஊர்திகள் திரும்பும் வாயில்களின் அருகிலோ அதே செடி முழங்கால் அளவுக்குத் தாழ்ந்து நிற்றல் வேண்டும். இல்லையெனின் திரும்புவோர்க்கு எதிரே வருவது தெரியாது. எங்கே உயர்த்துவது, எங்கே தாழ்த்துவது, எந்தத் திங்களில் வெட்டுவது என்பனவெல்லாம் ஒரே சாலையில் ஆண்டுக் கணக்கில் கத்தரியும் களைக்கொட்டும் பிடித்த கைக்கே விளங்கும். காகிதப்பூச் செடிக்குத் தண்ணீரை மிகுதியாக ஊற்றினால் இலைதான் தழைக்கும், பூ வராது. பூத்து ஓய்ந்தபின் வெட்டினால் மீண்டும் பூக்கும். இதைத் தோட்டக்காரர் அறிவார். ஒப்பந்தத் தாள் அறியாது.

அத்திட்டின் மண்ணும் பெயரளவில்தான் மண். சாலை போட்டவர்கள் விட்டுச் சென்ற கற்காரைத் துண்டும், உடைந்த செங்கலும், பைஞ்சுதைத் தூளும் அடியில் கிடக்க, மேலே ஓரடி ஒன்றரையடி செம்மண் பரப்பப்பட்டிருக்கும். வேர் பக்கத்தில் ஓட இருபுறமும் கல்தடுப்பு; கீழே ஓடக் குப்பை. இருபக்கத்துச் சாலைச் சூடும் ஊர்திப் புகையும் அதன்மேல் நாள்முழுதும் வீசும். சென்னைக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை கிடைத்தாலும், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மூன்று திங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய காலத்தில் செடியின் உயிர் தண்ணீர் ஊற்றும் கையில் இருக்கின்றது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. மாந்தர்க்கே நீரில்லாத அந்நாளில் நடுத்திட்டுச் செடியைக் காப்பதற்கு, எந்தச் செடியைக் கைவிடலாம், எதற்கு ஒரு குடம் ஊற்றினால் அது பிழைக்கும் என்று தேர்ந்து அறியும் பட்டறிவு வேண்டும். அப்பட்டறிவு ஓராண்டில் வருவதன்று.

இங்குத்தான் சிக்கலின் வேர் இருக்கின்றது. செடிக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. ஒப்பந்தத்திற்கு வேறொரு காலக்கணக்கு உண்டு. ஐப்பசியில் நட்டால் மழையில் வேர்பிடித்து, அடுத்த கோடையைத் தாங்கி, மூன்றாம் ஆண்டில் வேலியாய் அடரும் செடி, கோப்பு மேசை மேசையாய் நகர்ந்து கையொப்பமாகி முடிந்த நாள் பங்குனியாயின், பங்குனியில்தான் நடப்பெறும், சித்திரையில் கருகும். ஒப்பந்தக்காரர் தம் காலம் முடியும்வரை பச்சையாய் இருந்தால் போதும் என்று எண்ணுவாரேயன்றி, அடுத்த ஒப்பந்தக்காரர்க்காக வேரை வளர்த்துத் தர அவர்க்கு என்ன கடமை? அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. ஓராண்டுக்குக் குத்தகை எடுத்த நிலத்தில் தென்னை நட்ட உழவன் எந்த ஊரில் இருந்தான்?

ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மை வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பெற்றது. நல்ல நோக்கம், ஐயமில்லை. தகுதியுடையோருள் குறைந்த தொகை குறித்தவர்க்கே பணியைத் தருவது அதன் நெறி. பாலம் கட்டுவதற்கும் குழாய் வாங்குவதற்கும் அந்நெறி ஒருவாறு பொருந்தும். கம்பியின் எடையையும் குழாயின் தடிப்பையும் அளந்து பார்க்கலாம். செடி பேணுதலில் எதைக் குறைத்துத் தொகையைக் குறைப்பது? தண்ணீருந்தின் எரிபொருளை ஒப்பந்தக்காரர் குறைக்க முடியாது; உரத்தின் விலையையும் அவர் நினைத்தபடி இறக்க முடியாது. குறைக்கத்தக்கது ஒன்றே: ஆள். பத்துப் பேர் செய்ய வேண்டியதை அறுவரைக் கொண்டு செய்விப்பது, அறுவர்க்கும் உரிய கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வது - இவ்விரண்டில் ஒன்றோ இரண்டுமோ இல்லாமல் அக்குறைந்த தொகை எங்கிருந்து வரும்? அடித்துப் பெய்யும் மழையில், நடுத்திட்டின் ஓரம் தண்ணீருந்து நின்று செடிக்கு நீர் பீய்ச்சும் காட்சியைக் கண்டு நகைக்காத நகரத்தார் இல்லை. நகைக்க வேண்டியது அவ்வோட்டுநரை அன்று. எத்தனை நடை தண்ணீர் என்று எண்ணிப் பணம் தரும் தாளை.

செடித் தேர்விலும் இதே கணக்குத்தான். விரைவில் பச்சை காட்ட வேண்டும். மாடு கடிக்கக் கூடாது. தண்ணீர் கேட்கக் கூடாது. படம் எடுத்துக் கோப்பில் வைக்கத் தோதாக இருத்தல் வேண்டும். அயல்மண்ணிலிருந்து வந்த கோனோகார்பசு என்னும் மரம் இத்தேர்வில் முதன்மையாகத் தேறிப் பல நகர்களில் நடுத்திட்டுகளிலும் சுற்றுவேலிகளிலும் வரிசை வரிசையாக நடப்பெற்றது. அதன் பூந்துகள் மூச்சுக்கோளாறு தரும், அதன் வேர் நிலத்தடிக் குழாய்களைத் துளைக்கும் என்னும் குறைபாடுகள் பின்னர் எழுந்தன. குசராத்து அரசு 2023இல் அதைத் தடை செய்தது. தமிழ்நாட்டரசு 2025 சனவரியில் தடை செய்தது. நட்டதற்கும் மக்கள் பணம். பிடுங்குவதற்கும் மக்கள் பணம்! நட்டவர் யார், எந்த ஒப்பந்தத்தின்படி நட்டார், அதை இசைந்த அலுவலர் யார் என்று கேட்டால் விடை கூற ஒருவருமில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தவுடன் பொறுப்பும் முடிந்துவிட்டது.

ஆவிரை இம்மண்ணின் செடி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் காட்டும் 99 மலர்களுள் அதுவும் ஒன்று. வறண்ட செம்மண்ணிலும், கரட்டு நிலத்திலும், யாரும் தண்ணீர் ஊற்றாத சாலையோரத்திலும் பொன்போலப் பூத்து நிற்பது. ஆடுமாடு எளிதில் வாய்வைக்காதது. இடுப்பளவுக்கும் மேல் வளர்ந்து நன்கு அடர்வது. நடுத்திட்டுக்கென்றே இயற்கை செய்துவைத்த செடி என்று சொன்னால் மிகையாகாது. இருந்தும் நகரத்து நடுத்திட்டுகளில் அதைத் தேடித்தான் காணவேண்டும். ஏன்? விலைக்கு விற்கும் பண்ணைகளில் அதற்கு மதிப்பில்லை. மாநகராட்சி தானே நாற்றுப்பண்ணை வைத்து விதை தெளித்து வளர்த்தால்தான் அது கிடைக்கும். ஆளையும் பணியையும் வெளியில் விட்டபின் நாற்றுப்பண்ணை எதற்கு என்னும் நிலை தானே வந்துவிடுகின்றது.

ஒப்பந்தத்தொடு இன்னொரு வழியும் உண்டு. தனியார் நிறுவனங்கள் ஒரு சாலைத் திட்டையோ ஒரு முச்சந்தித் திடலையோ 'ஏற்றுப் பேணுகின்றோம்' என்று பெற்று, நாற்பது செடிக்கு நான்கு பெயர்ப்பலகை நட்டுக் கொள்கின்றன. ஊர்நிலத்தில் பலகை வைக்க வாடகை கட்டுவதைக் காட்டிலும் புல் வெட்டுவது மலிவு என்னும் கணக்கு வணிகர்க்குத் தெரியாததன்று. புல் காய்ந்தாலும் பலகை காயாது. இதன்மேல் நீளப் பேசத் தேவையில்லை.

செடியைவிட்டு ஆளுக்கு வருவோர்க்கே செய்தியின் கடுமை விளங்கும். நடுத்திட்டில் வேலை செய்வோருள் பெண்கள் மிகுதி. இருபுறமும் ஊர்திகள் பறக்க, ஒளிரும் பச்சைச் சட்டை ஒன்றே காப்பாக, குனிந்து களை எடுக்கின்றனர். சாலையைக் கடந்து அத்திட்டுக்குப் போவதே ஓர் உயிர்ப்போராட்டம், ஒதுங்க இடமில்லை, உண்ண நிழலில்லை, குடிக்கும் நீர் அவர்கள் தூக்கிவந்ததே. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்மீது ஊர்தி மோதியது என்னும் செய்தி, நெடுஞ்சாலைப் பகுதிகளிலிருந்து நாளிதழ்களில் ஓயாமல் வருகின்றது. நடுவணரசு 2015ஆம் ஆண்டில் வகுத்த பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, சாலைத்திட்டச் செலவில் 1 விழுக்காட்டை மரஞ்செடிகளுக்கென ஒதுக்கச் சொல்கின்றது. அவ்வொரு விழுக்காட்டில், செடிக்கு நடுவே நிற்கும் ஆளின் உயிருக்கு எவ்வளவு?

கூலியிலிருந்து 12 விழுக்காடு வைப்புநிதிக்கெனப் பிடிக்கப்படுகின்றது. அதே அளவு முதலாளியும் கட்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் ஆண்டுதோறும் மாறுகையில் அந்தத் தொகை எந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தது என்பதைப் பத்தாண்டு உழைத்த பெண்ணொருத்தி எவ்வாறு கண்டறிவாள்? ஒப்பந்தக்காரர் கூலி தராவிடின் பணியை விட்டவரே தரவேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் தெளிவாகக் கூறிற்று. புதிய சட்டமும் அதையே கூறுகின்றது. ஆனால் தன் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லாதவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

உத்தரப்பிரதேசத்துக் காசியாபாத்து மாநகராட்சியில் நடந்ததை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். அதன் தோட்டப் பிரிவில் 1998ஆம் ஆண்டிலிருந்து தோட்டக்காரராக உழைத்தவர்கள், பணியமர்வுத் தாளும் இல்லாமல், கிழமை விடுப்பும் இல்லாமல், தங்களை நிலைப்படுத்துமாறு முறையிட்டனர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2005ஆம் ஆண்டில், முன்னறிவிப்பும் இழப்பீடும் இன்றி வெளியேற்றப்பட்டனர். மாநகராட்சி சொன்ன மறுமொழி என்ன தெரியுமா? அவர்கள் தன் ஆட்கள் அல்லர், ஒப்பந்தக்காரர் வழியே வந்தவர்கள் என்பதே. தொழிலாளர் மன்றம், உயர்மன்றம் என்று படியேறிப் படியேறி, 2025 சனவரி 31ஆம் நாள் உச்சமுறை மன்றம் தீர்ப்புரைத்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் இருந்தார் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. நிலையான பணியை நாட்கூலி என்னும் பெயரால் ஆண்டுக்கணக்கில் செய்வித்தது முறையன்று. அவர்களை மீண்டும் பணியில் சேர்த்து, இடைக்காலக் கூலியில் 50 விழுக்காட்டைத் தந்து, ஆறு திங்களுக்குள் நிலைப்படுத்தும் முறையைத் தொடங்க வேண்டும் என்று ஆணையிட்டது. நயன் கிடைத்ததுதான். ஆனால் வெளியேற்றப்பட்டதற்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! அவர்கள் நட்ட மரங்கள் அதற்குள் நிழல்தரத் தொடங்கியிருக்கும்.

அத்தீர்ப்பைப் படித்த நகராட்சிகள் பல, 'இனி ஒப்பந்தக்காரரை உண்மையாகவே வைத்துக்கொண்டு, தாள்களையும் ஒழுங்காக வைத்துக்கொள்வோம்' என்னும் பாடத்தைத்தான் கற்றுக்கொள்ளும் என்று அஞ்ச வேண்டியுள்ளது. அதற்குத் துணைநிற்கும் சட்டமும் வந்துவிட்டது. 2020ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைத் தொகுப்புச் சட்டம், 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய சட்டம் 20 தொழிலாளர் இருந்தாலே ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்திற்று. புதியது 50 பேர் இருந்தால்தான் கட்டுப்படுத்தும். ஒரு மண்டலத்தின் நடுத்திட்டுகளை நான்கு துண்டாக்கி நால்வர்க்குக் கொடுத்தால் கதை முடிந்தது. ஒரு நிறுவனத்தின் உள்ளீடான பணிகளுக்கு ஒப்பந்த ஆட்களை வைக்கக் கூடாது என்று புதிய சட்டம் ஒருபக்கம் சொல்கின்றது. மறுபக்கம், எவையெவை உள்ளீடான பணிகள் அல்ல என்று ஒரு பட்டியல் தருகின்றது. துப்புரவு அதில் உண்டு, காவல் உண்டு, தோட்டப் பணியும் புல்தரை பேணலும் பெயர் சுட்டியே உண்டு.

ஆனால் அப்பட்டியலின் தலைப்பிலேயே ஒரு கட்டும் இருக்கின்றது. அந்நிறுவனம் அப்பணிக்கென்றே அமைக்கப்பட்டதாக இல்லாவிடின்தான் இவ்விலக்கு பொருந்தும் என்பதே அது. இரும்பாலை ஒன்றின் வாயிலில் உள்ள புல்தரை அதன் உள்ளீடான பணியன்று என்றால் ஒப்புக்கொள்ளலாம். மாநகராட்சி எதற்கென்று அமைக்கப்பட்டது? 1992ஆம் ஆண்டின் 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையைத் திறந்து பார்க்கட்டும். நகராட்சிகளுக்குரிய 18 பணிகளுள், சாலையும் பாலமும் நான்காவது. நகர்ப்புறக் காடுவளர்ப்பும் சுற்றுச்சூழல் காப்பும் எட்டாவது. பூங்காக்கள், தோட்டங்கள், விளையாட்டிடங்கள் பன்னிரண்டாவது. சாலை நடுவில் செடி வளர்ப்பது இம்மூன்றும் கூடுகின்ற இடம். இதைத் தன் பணியன்று என்னும் மாநகராட்சி, பின்னர் எதைத் தன் பணி என்று சொல்லி மக்களிடம் வரி கேட்கும்?

மாநகராட்சியின் சொந்த ஆட்கள் ஒழுங்காக வேலை செய்வதில்லை. வாராதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டது. ஆகவேதான் ஒப்பந்தம் வந்தது என்பார் உளர். அக்குற்றச்சாட்டு முழுப்பொய்யன்று. பல ஊர்களில் அவ்வாறு நடந்ததுண்டு. ஆனால் தன்கீழ் உள்ள ஒரு தோட்டக்காரர் வந்தாரா வரவில்லையா என்று பார்க்க மாட்டாத அலுவலர், பத்துக் கல் தொலைவுச் சாலையில் ஒப்பந்தக்காரர் எத்தனை பேரை அனுப்பினார் என்று மட்டும் சரியாகப் பார்த்துவிடுவாரா? மேற்பார்வை இல்லாத நோய்க்கு, மேற்பார்வை இன்னும் மிகுதியாகத் தேவைப்படும் மருந்தைத் தருவது என்ன மருத்துவமோ! குப்பைப் பணியில் சென்னை இப்பாதையில் முன்னரே நடந்து பார்த்தது. 2000ஆம் ஆண்டில் மூன்று மண்டலங்களின் பணி ஓனிக்சு நிறுவனத்திடம் தரப்பட்டது. 2007இல் அது போய் வேறொன்று வந்தது. அதுவும் போய் மற்றொன்று வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆட்கள் புதியவர்களாகவே கணக்கிடப்பட்டனர். 2025 ஆகத்து முதல்நாள் தொடங்கி 13ஆம் நாள் நள்ளிரவில் காவல்துறையால் அகற்றப்படும்வரை, 5, 6ஆம் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமை மனையின் வாயிலிலேயே அமர்ந்திருந்தது, அப்பாதை எங்குக் கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டிற்று. தோட்டப் பணியாளர்க்கு அவ்வளவு தொகையும் இல்லை, கூடி அமரும் வலுவும் இல்லை. அவர்கள் ஆங்காங்கே திட்டுத்திட்டாய்ச் சிதறிக் கிடக்கின்றனர்.

செய்ய வேண்டியவை கடினமானவையுமல்ல. மண்டலத்துக்கு ஒரு நாற்றுப்பண்ணை. அதில் ஆவிரை, நொச்சி, அரளி போன்ற இம்மண்ணறிந்த செடிகள். சாலைக்கு இத்தனை பேர் என்று பெயர் பதிந்த தோட்டக்காரர். துப்புரவு செய்த கழிவுநீரைக் கோடைக்குப் பயன்படுத்தும் ஏற்பாடு. ஐப்பசியிலன்றி நடவில்லை என்னும் கண்டிப்பு. நடைமுறையிலுள்ள ஒப்பந்தங்கள் முடியும்வரை, ஒவ்வொரு நடுத்திட்டின் தலைமாட்டிலும், கொடையாளர் பெயருக்கு மாறாக, ஒப்பந்தத் தொகை, ஆட்களின் எண்ணிக்கை, நாட்கூலி ஆகிய மூன்றையும் தமிழில் எழுதி நிறுத்தலாம். படித்துப் பார்த்து ஆளை எண்ணும் வேலையை மக்களே செய்துவிடுவார்கள்.

இவற்றுள் எதைத் தள்ளிப்போட்டாலும் ஒன்றைத் தள்ளிப்போட முடியாது. புதிய சட்டத்தின் 57ஆம் பிரிவு, உள்ளீடான பணியேயாயினும், அது வழக்கமாகவே ஒப்பந்தக்காரர் வழி நடந்துவருவதாக இருப்பின் ஒப்பந்தத்தில் விடலாம் என்று ஒரு விலக்கும் தருகின்றது. அதாவது, இன்று விடப்படும் ஒவ்வோர் ஓராண்டு ஒப்பந்தமும், நாளை 'இது வழக்கம்' என்று மன்றத்தில் காட்டுவதற்கு ஒரு சான்றாக அடுக்கி வைக்கப்படுகின்றது. ஆகலின், தோட்டப் பணி மாநகராட்சியின் உள்ளீடான பணியே என்னும் தீர்மானத்தை, அடுத்த ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வெளிவருமுன் மாமன்றம் நிறைவேற்ற வேண்டும். எந்த வட்டத்து உறுப்பினர் அதை முன்மொழிகின்றார், யார் யார் வாய்மூடி அமர்ந்திருக்கின்றனர் என்பதை அவ்வவ் வட்டத்து மக்கள் பெயர் சொல்லிக் குறித்துக்கொள்ளட்டும்.